பூனையின் வயிறும் லயத்தின் வைத்தியமும்

"பூனைக்கு வைத்தியமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்களிற் பலர் நல்லவர்கள், மக்கள்பால் அன்புடையவர்கள். பிள்ளைகள் ரொட்டியும் சம்பலும் தின்று பாடசாலைக்கு வரும் மலைநாட்டிலே, ஒரு பூனையின் வயிற்றுக் கோளாற்றுக்காக பஸ் ஏறிப் பேராதனை வரை போவது ஆடம்பரம் என்பது அவர்கள் கருத்து. இந்தக் கேள்வியை நாம் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. அது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாகவே விடை கூற வேண்டும்.

முதலில், லயத்துப் பூனை எத்தகையது என்பதைச் சொல்லியாக வேண்டும். நகரத்து மாளிகையில் மெத்தைமேல் உறங்கும் பூனையை மனத்திற் கொண்டு இதனை வாசிக்கலாகாது. வெள்ளைக்காரர் காலத்திலே 10 அடிக்கு 12 அடி என்று அளந்து கட்டப்பட்ட காம்பராக்களில் இன்றும் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. மாச் சாக்கு, அரிசிப் பானை, விறகு, பிள்ளைகளின் கொப்பி யாவும் அந்த ஓரறைக்குள்ளேதான். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலே எலி குடியிருக்கிறது. எலி மாவைத் தின்பதோடு நிற்பதில்லை. அதன் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டிலே இலங்கையைக் கலக்கியது. ஐயத்துக்குரிய நோயாளராக 7,000க்கு மேற்பட்டோர் அவ்வாண்டு பதியப்பட்டனர். இந்த எலிக்கு எதிராக லயத்து மக்களிடம் உள்ள படை பூனை ஒன்றே. செக்ரோலில் அதற்குப் பேர் விழுவதில்லை. ஆயினும் இரவு முழுவதும் அது வேலையில் நிற்கிறது. தொல்காப்பியர் மரபியலிலே வெருகையும் எலியையும் ஒரே நூற்பாவிற் சேர்த்து, இரண்டின் இளமைக்கும் 'குட்டி' என்ற பெயரை உரிமையாக்கினார். உயர்தர வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பகைவர் இருவரையும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடிவைத்துவிட்டாராம்!

அத்தகைய உழைப்பாளி ஒன்றுதான் கறுப்பி. ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எட்டுக் காம்பரா லயத்துக்கு அது காவல். 2022ஆம் ஆண்டு நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றிப் போயிற்று. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியது. அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து இல்லை. அந்த நாட்களில் லயத்துக் குடும்பம் ஒன்று கதவைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்கு வேலை தேடிப் போயிற்று. அவர்கள் வளர்த்த கறுப்பி வாசலிலேயே கிடந்தது. அடுத்த காம்பராவிலே, 40 ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டி ஒருத்தி, அதைத் தூக்கிக்கொண்டு எமது குவாட்டர்ஸுக்கு வந்தாள். "சேர், இது திங்குது, ஆனா ஒடம்புல ஒட்டல. நீங்க படிச்சவங்க, என்னான்னு பாருங்க" என்றாள்.

பாட்டியின் அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருந்தது. கறுப்பி வாரத்தில் மூன்று நான்கு முறை வாந்தி எடுக்கும். மலம் இளகிக் கடும் நாற்றத்துடன் போகும். பசி குறையவில்லை, உடல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டியது. தோட்டத்துச் சில்லறைக் கடைத் தராசிலே நிறுத்தோம். கடைக்காரத் தம்பி படியை எடுக்கும்போதே பாட்டி சொன்னாள்: "தம்பி, கொழுந்துத் தராசு மாதிரி ரெண்டு கிலோ வெட்டிப்புடாதே. வெட்டினா பூனையே மிஞ்சாது." கறுப்பியின் நிறை 2 கிலோ 400 கிராம். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றாடம் தங்கள் கூடையில் கிலோ வெட்டப்படுவதைக் கண்டவர்களின் சிரிப்பு அது.

லயத்து மக்கள் பூனையைப் பட்டினி போட்டுவிட்டார்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். தாம் உண்பதையே அதற்கும் பங்கிட்டார்கள். தேநீரில் நனைத்த ரொட்டி, பருப்புக் கறி பிசைந்த சோறு, வாய்த்த நாளில் மாப்பால், திருநாளில் கறிக்குழம்பு. மனிதரின் தட்டு எதுவோ அதுவே பூனையின் தட்டும். ஆனால் பூனையின் குடல் வேறு மரபினது. அது இறைச்சியை நம்பியே உயிர்வாழப் படைக்கப்பட்ட விலங்கு. வளர்ந்த பூனைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குறைந்துவிடும். ஆகவே பால் பேதியாக வெளியேறும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை; கறிக்குழம்பில் இரண்டும் உண்டு. பூனைக்குக் காய்ச்சல் என்று இரக்கப்பட்டு டிஸ்பென்சரியில் வாங்கிய பரசிட்டமோல் குளிசை ஒன்றைக் கொடுத்தால் அதுவே அதன் உயிரைக் குடித்துவிடும். இவற்றை லயத்துக்கு வந்து எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. அன்பு இருந்தது; அறிவுதான் அங்கு வந்து சேரவில்லை. வராத அறிவுக்கு அந்த மக்களைக் குற்றம் சொல்வது நியாயமன்று.

பட்டணத்திலே தனியார் இடம் ஒன்றில் கறுப்பிக்கு இரண்டு முறை ஊசி போட்டார்கள். என்ன தின்கிறது, எத்தனை நாளாக இப்படி என்று ஒரு கேள்வியும் இல்லை. ஊசி போட்டதும் ஒரு வாரம் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதையே. பிற்பாடு அறிந்தோம், அது வீக்கத்தை அடக்கும் ஸ்டெரொய்ட் மருந்து என்று. அம்மருந்து வேண்டிய இடத்தில் வேண்டியதுதான். ஆனால் காரணம் தேடாமல் அதையே திரும்பத் திரும்பப் போட்டால் நோய் மறையுமே தவிரத் தீராது. பூனைக்கு நீரிழிவு வரவும் இடமுண்டு.

பின்னர் அரச மிருக வைத்தியரிடம் போனோம். பொறுமையுள்ள மனிதர். ஒரு பெரும் பிரதேசத்தின் மாடும் ஆடும் கோழியும் அவர் பொறுப்பு. சினைப்படாத பசுவுக்கும் மடிவீக்கத்துக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். பூனைக்காகக் கூப்பிடுபவர் அரிது. முதலில் புழுவைக் களைவோம் என்றார். எலி பிடிக்கும் பூனைக்கு எலியிலிருந்து நாடாப்புழு வரும். தெள்ளின் வழியே வேறொரு நாடாப்புழு வரும். உருளைப்புழுவோ தாய்ப்பாலிலேயே குட்டிக்குப் போய்விடும். பூனை தன் தொழிலுக்காகச் செலுத்தும் விலை இது. மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொன்னார். அப்படியும் நில்லாவிட்டால் பேராதனைக்குக் கொண்டுபோங்கள் என்று வழியும் காட்டினார்.

வழிநெடுக எமக்கு வேறொரு சிந்தனை. இத்தோட்டங்களிலே மனித வைத்தியமும் இவ்வாறே வளர்ந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி வேண்டும் என்றது. அதன் நிழலில் டிஸ்பென்சரிகள் நிலைபெற்றன. அவற்றால் உயிர் பிழைத்தவர்கள் பலர், மறுக்கவில்லை. ஆயினும் அங்கே முதலில் கேட்கப்பட்ட கேள்வி "நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" என்பதே. "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்பதன்று. ஆளுக்கு ஒரு கலவை மருந்து. வயிற்றுவலிக்கும் அதுவே, காய்ச்சலுக்கும் அதுவே. வேலையைத் தடுக்கும் நோய்தான் நோய் என்று எண்ணப்பட்டது. மெல்ல மெல்ல உடம்பைத் தின்னும் நோய் எந்தக் கணக்கிலும் விழவில்லை.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில் அதே வளவைச் சேர்ந்த மிருக வைத்திய பீடத்தின் பக்கம் நாம் எட்டிப் பார்த்ததுமில்லை. இப்போது அட்டைப்பெட்டியில் கறுப்பியைச் சுமந்துகொண்டு அதன் போதனா வைத்தியசாலையில் வரிசையில் நின்றோம். எம்மைப் பரிசோதித்த இளம் வைத்தியர் பூனையைத் தொடுமுன் கேள்விகளைத் தொடுத்தார். என்ன உணவு, எத்தனை வேளை, வாந்தி உண்டவுடனா, மணிக்கணக்குக் கழித்தா, மலத்தில் இரத்தம் உண்டா, வீட்டில் வேறு விலங்கு உண்டா? பிறகுதான் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள்.

அவர் சொன்னது இது. பூனையின் குடலில் நாட்பட்ட அழற்சி இருக்கக்கூடும். அதற்குப் பல காரணங்கள் உண்டு. உணவே காரணமாக இருப்பதும் உண்டு. உணவு காரணமா என்று அறிய மருந்தைவிட உணவே சிறந்த சோதனை. மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு புரத உணவு. உப்பு, மிளகாய், மஞ்சள், எண்ணெய், பால், மா எதுவும் கூடாது. சிறு சிறு பங்காக நாளைக்கு நான்கு வேளை. குடல் கெட்ட பூனையின் உடலில் பி12 விற்றமின் குறைந்துபோகும் என்பதால் வாரம் ஒரு ஊசியாக ஆறு வாரம். அதற்கும் வயிறு அடங்காவிட்டால் அப்போது வேறு மருந்தை யோசிக்கலாம். இடையில் இரண்டு நாள் முற்றாக உண்ண மறுத்தால் காத்திராமல் கொண்டுவர வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

ஒன்றை அவர் அழுத்திச் சொன்னார். வெறும் அவித்த கோழி சில வாரச் சோதனைக்கு ஆகும். ஆயுள் முழுவதற்கும் ஆகாது. எலும்பு நீக்கிய இறைச்சியில் கல்சியம் போதாது. டோரின் என்னும் சத்தைப் போதிய அளவு பூனையின் உடல் தானே ஆக்கிக்கொள்ளாது. அச்சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். இதயத் தசையும் தளர்ந்து போகும் என்பதை 1987இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தனர். விலை கொடுத்து வாங்கிய தகரத்து உணவைத் தின்ற பூனைகளிடமே அது கண்டறியப்பட்டது; அதன் பின்னரே உற்பத்தியாளர் அவ்வுணவில் டோரினைக் கூட்டிச் சேர்த்தார்கள். இறைச்சியை அவித்தால் டோரின் நீரில் இறங்கிவிடும். ஆகவே அவித்த நீரையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். சோதனைக் காலம் முடிந்தபின் முழுமையான பூனை உணவு ஒன்றை மெல்ல மெல்லக் கலந்து பழக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் கணக்குக் கொப்பி ஒன்று போட்டோம். நாள், தின்றது, அளவு, வாந்தி, மலம் என்று ஐந்து நிரல். கொப்பியை எழுதும் பொறுப்பைப் பாட்டியின் பேத்தி ஏற்றுக்கொண்டாள். பத்தாம் தரத்து மாணவி. விஞ்ஞானப் பாடத்தில் ஆர்வமுள்ளவள். முதல் வாரத்தில் மூன்று வாந்தி. இரண்டாம் வாரத்தில் ஒன்று. மூன்றாம் வாரத்து நிரலில் வாந்தி என்ற இடத்தில் ஏழு சைபர். மலம் உருண்டு வந்த நாளில் அவள் அதைச் சிவப்பு மையால் எழுதி, லயம் முழுவதும் சென்று அறிவித்தாள். இத்தகைய செய்தியைக் கேட்டு எட்டுக் காம்பராவும் மகிழ்ந்தது என்றால் நகரத்து அன்பர்கள் நகைப்பார்கள். நோயாளியைப் பேணிய அனுபவம் உள்ளவர்கள் நகைக்க மாட்டார்கள்.

தைப்பொங்கல் வந்தது. சிறு பிள்ளைகள் அன்பு மிகுதியால் கறுப்பிக்கும் பொங்கல் வைத்தார்கள். பாலும் சர்க்கரையும் நெய்யும். மறுநாள் கொப்பியில் பழைய கதை திரும்பியது. பிள்ளைகளை எவரும் அதட்டவில்லை. மாணவி தன் கொப்பியைத் திறந்து, பொங்கலுக்கு முந்திய பக்கத்தையும் பிந்திய பக்கத்தையும் அவர்களுக்குக் காட்டினாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்தார்கள், புரிந்துகொண்டார்கள். அன்று மாலை லயத்து வாசலில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எவரும் தம் தட்டிலிருந்து கறுப்பிக்குக் கொடுப்பதில்லை. கொடுக்க விரும்புவோர், மீன் வாங்கும் நாளில் தலையையும் செதிலோரத் துண்டையும் சேர்த்து வைப்பது. பாட்டி அவற்றை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, பங்கிடுவாள். மீனைப் பச்சையாகப் போடுவதில்லை; சில மீன்களில் உள்ள ஒரு பொருள் பி1 விற்றமினை அழித்துவிடும், அவித்தால் அப்பொருள் கெட்டுவிடும். தனி ஒருவர் சுமக்க முடியாததை எட்டுக் குடும்பம் சிறு சிறு துண்டாகச் சுமந்தது. தொழிற்சங்கத்தின் முதற்பாடம் இதுவன்றோ!

ஆறு மாதத்தில் கறுப்பியின் நிறை 3 கிலோ 300 கிராம். மயிரில் பளபளப்பு வந்தது. எலி வேட்டைக்கும் திரும்பிற்று. நோய் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இது தீர்க்கும் நோயன்று, ஆளும் நோய். மழைக்காலத்தில் ஒருமுறை, காரணம் தெரியாமல் மற்றொருமுறை, வயிறு கலங்கும். அப்போதெல்லாம் கொப்பி மறுபடி திறக்கப்படும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து. வைத்தியர் வேண்டிய நேரத்தில் வைத்தியர். ஒரு நாள் உற்சாகத்தில் செய்யும் உபகாரத்தால் இவ்வகை நோய் அடங்குவதில்லை. நாள்தோறும் தொடரும் கவனத்துக்கே அடங்குகிறது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். ஆனால் அங்கே வள்ளுவர் பெரும்பாலும் பேசுவது உணவைப் பற்றி. முன் உண்டது அற்றதை அறிந்து உண்பது, அளவறிந்து உண்பது, ஒவ்வாததை விலக்குவது. அதிகாரத்தின் முடிவிலே வைத்தியம் நான்கு கூறு என்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர். வகுப்பில் இதை ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். மலைநாட்டிலே அந்த நான்கில் முதலாவதற்குக் குறைவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் தொலைவில் இருக்கின்றன. நான்காவதோ, காலை பிரட்டுக் களத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் நடந்த பின் ஒருநாள், மாணவி கொப்பியை நீட்டியபடி கேட்டாள்: "சேர், தம்பிக்கும் இப்படி ஒரு கொப்பி போட்டா என்ன?"

அவளது தம்பிக்கு நான்கு வயது. அடிக்கடி வயிற்றுப்போக்கு. வளர்ச்சிப் பதிவேட்டிலே கோடு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கோட்டை வரைந்தவர்கள் உண்டு. அவனது தட்டில் என்ன விழுகிறது என்று கேட்டு எழுதியவர் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு சொல்கிறது: இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்த 32இல் ஒருவன் அவளுடைய தம்பி. அவள் கொப்பி போட்டாள். காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, இரவு சோறும் கிழங்கும். முட்டை வாரத்துக்கு ஒன்று. குடிநீர் காய்ச்சாத பீலித் தண்ணீர். மூன்று வாரக் கொப்பியை எடுத்துக்கொண்டு தாய் சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். வெறுங்கையோடு போனபோது கிடைக்காத கேள்விகளும் கவனமும், கொப்பியோடு போனபோது கிடைத்தன.

ஆனால் தாய் அன்று ஒரு நாட்பேரை இழந்தாள் என்பதையும் எழுத வேண்டும். ஆசிரியராகிய எமக்குச் சம்பளத்துடன் லீவு உண்டு. பூனையைச் சுமந்து பேராதனைக்குப் போகலாம். கொழுந்தெடுக்கும் தாய்க்கு அது இல்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது; 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாயிற்று. இரண்டுமே மலைக்குப் போன நாளுக்குரிய கூலி. பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோன நாளுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே, பூனைக்கு வைத்தியமா என்று கேட்கும் அன்பர்களுக்கு எமது விடை இதுதான். பூனைக்குக் கொடுத்ததைப் பிள்ளையிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. மீன் தலையைப் பூனை தின்றதனால் அந்தப் பிள்ளையின் உயரம் குறையவில்லை. அவனது தட்டில் இல்லாத முட்டை எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள், பூனையின் சட்டியைப் பார்க்க வேண்டாம். கொழுந்துத் தராசைப் பார்க்கட்டும். ஏழைகளுக்கு இருப்பது ஒரு பிடி இரக்கம்தான், அதைப் பூனைக்குச் செலவழித்தால் பிள்ளைக்கு மிஞ்சாது என்று நினைப்பது லயத்தை அறியாதவர் கணக்கு. ஒரு வாயில்லாச் சீவனின் தட்டை மூன்று வாரம் கவனித்த கண், பிறகு தன் தம்பியின் தட்டைப் பார்க்கத் தானாகவே திரும்பியது. நோய்க்குக் காரணம் உண்டு, காரணத்தைத் தேடலாம், எழுதி வைக்கலாம், பலர் கூடினால் மாற்றலாம் என்பதை ஒருமுறை கண்டுகொண்டவர்கள், தம் வயிற்றைத் தலைவிதி என்று விட்டுவிட மாட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலே முற்பகல் வேளையில் தலை சாய்த்துக் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று குறிக்கு முன், அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். மூன்று வாரம் எழுதுங்கள். பிறகு அந்தக் கொப்பிகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி, கேட்க வேண்டியவர்கள் முன் கொண்டுபோய் வைப்போம்.